கட்டைவிரல் எந்திரிக்கல

முதல்லயே ஒண்ணு சொல்லிக்கிடுதேன். ஏகலைவன் ஜோக் யாரும் அடிக்க வேண்டாம். ஆபீஸ்ல பதினோரு பேர், சொந்தத்துல ஆறு பேர், பஸ்ல பக்கத்து சீட்டு அண்ணாச்சி ஒருத்தர், ஆக மொத்தம் பதினெட்டு தடவை கேட்டாச்சு. துரோணர் யாருன்னும் கேக்காதீங்க. துரோணர் வெள்ளம்தான்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகள்ல நெல்லை, தூத்துக்குடி பக்கம் கொட்டுன மழை எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். காயல்பட்டினத்துல மட்டும் ஒரே நாள்ல 95 செ.மீ. பக்கம். தாமிரபரணி ரெண்டு கரையும் தாண்டிப் போச்சு. ஜங்ஷன் மீனாட்சிபுரத்துல இருக்கிற எங்க சித்தி வீட்டுல ஜன்னல் மட்டத்துக்குத் தண்ணி. வடிஞ்ச பிறவு சேறு வாரப் போனேன். ஆத்து வண்டல் இருக்கே, காஞ்சா சிமெண்ட், ஈரமா இருந்தா வெண்ணெய். வாசப்படியில பிளாஸ்டிக் பக்கெட்டோட வழுக்கி, வலது கையை ஊனி விழுந்தேன். மணிக்கட்டு வீங்கிருச்சு.

எக்ஸ்ரே பாத்துட்டு, "லேசா கீறல்தான், எலும்பு நகரல, நல்லவேளை"ன்னாங்க. அஞ்சு வாரம் மாவுக்கட்டு. எலும்பு நகரலங்கிறதை நானும் நல்ல சேதின்னுதான் நெனச்சேன். அது எவ்வளவு கோளாறு புடிச்ச நல்ல சேதின்னு பின்னால சொல்லுதேன்.

ஜனவரி கடைசியில கட்டைப் பிரிச்சாச்சு. வீட்டுல இருந்தே பொட்டி தட்டுற பொழப்புங்கிறதால மறுநாளே ஆணி புடுங்க ஆரம்பிச்சாச்சு. பிப்ரவரி நடுவுல ஒரு செவ்வாக்கிழமை. சாயந்திரம் பேண்ட் பாக்கெட்டுல கையை விடுறேன், மணிக்கட்டுப் பக்கம் சின்னதா 'டிக்'னு ஒண்ணு. வலி கிடையாது. பழைய ரப்பர் பேண்ட் அறுந்தாப்ல. அம்புட்டுதான்.

ராத்திரி கோடு எழுத உக்காந்தா ஸ்பேஸ் பாரை அமுக்கின கட்டைவிரல் எந்திரிக்கவே இல்ல. அங்கனயே படுத்துக் கெடக்கு. ஸ்க்ரீன்ல கர்சர் ஓடிக்கிட்டே இருக்கு. பைத்தான்ல குப்பை கொட்டுறவங்களுக்குத் தெரியும், ஒரு ஸ்பேஸ் கூடுனாலே என்னா கதின்னு. எனக்கு முன்னூறு ஸ்பேஸ். முதல்ல கீபோர்டு போச்சுன்னு நெனச்சு அதைக் கவுத்துத் தட்டுனேன். அப்புறம்தான் போனது நான்னு தெரிஞ்சுச்சு.

விரல் மடங்குது. பிடிக்குது. போன்ல டைப் கூட ஒருமாதிரி வருது. ஆனா மேல தூக்க முடியல. 'தூக்கு'ன்னு மூளை சொல்லுது, அந்தப் பக்கம் யாரும் போனை எடுக்கல.

வண்ணார்பேட்டைப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில கை ஆபரேஷன் பண்ற டாக்டர் மேடத்தைப் பாத்தேன். எக்ஸ்ரே, ஸ்கேன் எதுக்கும் முன்னாடி ஒரே ஒரு சோதனை. "உள்ளங்கையை மேசையில கவுத்தி வைங்க. கட்டைவிரலை மட்டும் மேசையை விட்டு மேல தூக்குங்க." நீங்களும் இப்ப செஞ்சு பாருங்க. தூக்கும்போது மணிக்கட்டுக்குப் பக்கத்துல கட்டைவிரல் பக்கமா கயிறு மாதிரி ஒண்ணு விறைச்சு நிக்குதா? அதுதான். எனக்கு அந்தக் கயிறு இல்ல. விரல் ஆடாம அசையாம மேசையில கெடந்துச்சு.

"டெண்டன் அறுந்துருச்சு"ன்னாங்க.

நம்ம ஊர்ல இதுக்கு எல்லாரும் சொல்ற பேரு 'நரம்பு அறுந்துட்டு'. ஆனா நரம்பு வேற, இது வேற. நரம்புங்கிறது சேதி கொண்டு போற வயரு. இது தசையை எலும்போட கட்டியிருக்கிற கயிறு. பாடப்புத்தகத்துல தசைநாண்னு போட்டிருப்பான். நாண்னா வில்லுல கட்டுற அதே நாண். (திரும்பவும் ஏகலைவன் வந்துட்டான் பாருங்க, என்னத்தச் சொல்ல.)

கட்டைவிரலை நிமித்துற கயிறுக்கு எக்ஸ்டென்சர் பொலிசிஸ் லாங்கஸ்னு பேரு. முழங்கையில இருக்கிற தசையில இருந்து கிளம்பி மணிக்கட்டோட முதுகுப் பக்கமா வருது. அங்க எலும்புல சின்னதா ஒரு மேடு. லிஸ்டர் மேடுன்னு பேரு. கிருமிநாசினி போட்டு ஆபரேஷன் பண்ணக் கத்துக்கொடுத்த ஜோசப் லிஸ்டர் பேருதான். வாய் கொப்புளிக்கிற லிஸ்டரினும் அவரு பேர்ல வச்சதுதான். மனுஷன் மணிக்கட்டுலயும் இருக்காரு, வாயிலயும் இருக்காரு. கயிறு இந்த மேட்டைச் சுத்தி, கிணத்து உருளையில கயிறு திரும்புற மாதிரி, சாய்வாத் திரும்பிக் கட்டைவிரலுக்குப் போவுது. அந்தத் திருப்பத்துல அது ஒரு இறுக்கமான குகைக்குள்ள கெடக்கு. ரத்த ஓட்டமும் அங்கன கம்மி.

நல்ல சேதி கோளாறாகுறது இங்கனதான். எலும்பு நல்லா உடைஞ்சு நகந்தா, அந்தக் குகையோட கூரையும் பல தடவை கிழிஞ்சுரும். கயிறுக்கு மூச்சு விட இடம் கெடைக்கும். வெறும் கீறல்னா கூரை அப்படியே இருக்கும். உள்ள ரத்தம் கட்டி, வீக்கம் வந்து, இருக்கிற கொஞ்ச நஞ்ச ரத்த ஓட்டமும் நின்னு, கயிறு சத்தமில்லாம நைஞ்சு நைஞ்சு, சில வாரமோ ரெண்டு மூணு மாசமோ கழிச்சு, எலும்பு நல்லா ஒட்டிட்டுன்னு நாம மிட்டாய் குடுக்கிற நேரத்துல டிக். அதனாலதான் நகராத முறிவுக்குப் பிறகு இது கூடுதலா வருது. மாவுக்கட்டுப் போட்டவங்க மேல ஒரு தப்பும் இல்ல.

இதுக்கு 'தம்பட்டக்காரன் வாதம்'ங்கிற மாதிரி ஒரு பழைய பேரும் உண்டு. 19-ஆம் நூற்றாண்டுல பிரஷ்ய ராணுவத்துல முரசு அடிக்கிறவங்களுக்கு ஓயாம மணிக்கட்டை ஆட்டி ஆட்டி இதே கயிறு அறுந்து போயிருக்கு. எனக்கு உடனே நம்ம ஊரு தவில்காரங்க ஞாபகம்தான் வந்துச்சு. ஒரு கையில குச்சி, ஒரு கையில விரலுக்கு விரல் கூடு மாட்டிக்கிட்டு கொடை முழுக்க அடிப்பாங்களே.

அறுந்த ரெண்டு முனையையும் இழுத்து வச்சுத் தைக்க வேண்டியதுதானேன்னு கேட்டேன். கத்தியால வெட்டுப்பட்டு உடனே வந்தா தைக்கலாமாம். இது நைஞ்சு அறுந்தது. பழைய சேலையில கிழிசலைத் தைச்சா பக்கத்துலயே கிழியும்லா, அந்தக் கதை. அதுக்குள்ள மேல இருக்கிற தசையும் சுருங்கிருக்கும். "அதனால ஒரு கயிறைக் கடன் வாங்குவோம்"னாங்க.

யார்கிட்ட? ஆள்காட்டி விரல்கிட்ட. இந்த இடத்துல எனக்குள்ள இருந்த இன்ஜினியர் எந்திரிச்சு உக்காந்துட்டான். ஆள்காட்டி விரலை நிமித்த கடவுள் ரெண்டு கயிறு குடுத்திருக்கார். ஒண்ணு நாலு விரலுக்கும் பொதுவான தசையில இருந்து வர்றது. இன்னொண்ணு அதுக்கே தனி, எக்ஸ்டென்சர் இன்டிசிஸ். சுண்டு விரலுக்கும் இதே மாதிரி ரெண்டு. நம்ம பாஷையில சொன்னா ஸ்டாண்ட்பை சர்வர். அந்தத் தனிக் கயிறைக் கழட்டிக் கட்டைவிரல் கயிறோட மிச்சத்துல கோத்துட்டா கட்டைவிரல் எந்திரிக்கும். ஆள்காட்டி விரலும் பொதுக் கயிறை வச்சுப் பொழைச்சுக்கும். கையை மூடிக்கிட்டு ஒத்தை விரலை நீட்டி அடுத்தவனைக் குத்தம் சொல்றப்ப மட்டும் கொஞ்சம் பெலம் கம்மியா இருக்கலாமாம். போகட்டும் :-)

இனிமேதான் எழுத வந்த விஷயமே.

டாக்டரைப் பாத்துட்டு அன்னைக்கு ராத்திரி சித்தி வீட்டுல தங்குனோம். கூட அம்மாவும் வந்திருந்தா. வெள்ளத்துல சோபா, கட்டில் எல்லாம் போயிருந்ததால எல்லாரும் தரையில வட்டமா உக்காந்து சாப்பாடு. நான் பெரிய சர்ஜன் கணக்கா அந்தச் சோதனையைச் செஞ்சு காட்டுனேன். சித்தப்பா, சித்தி, தங்கச்சி, சின்னவன் எல்லாரும் தரையில கையைக் கவுத்தி விரலைத் தூக்கித் தூக்கி ஒரே சிரிப்பு. சின்னவன் கால் கட்டைவிரலையும் தூக்கிக் காமிச்சான்.

"நீ தூக்கும்மா"ன்னேன்.

"அடுப்புல பால் கெடக்கு"ன்னு எந்திரிச்சுப் போயிட்டா.

பால் குடிச்சு அரைமணி நேரம் ஆயிருந்துச்சு. அப்பவும் எனக்கு ஒறைக்கல.

மறுநாள் முக்கூடல் வந்துட்டோம். சாயந்திரம் அம்மா வழக்கம்போல வாசல்ல சொளவை மடியில வச்சுப் பீடி சுத்திக்கிட்டு இருந்தா. எங்க ஊரைத் தெரியாதவங்களுக்கு: தாமிரபரணிக் கரை, முத்துமாலையம்மன் கோயில், அதைவிட்டா பீடி. திருநெல்வேலி, தென்காசி பக்கம் ஆயிரக்கணக்கான வீட்டு வாசல்ல இதுதான் நடக்கு. மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் காடுகள்ல பறிச்ச இலை வரும். அதை நனைச்சுப் பதப்படுத்தி, தகடு வச்சு அளவாக் கத்திரியில வெட்டணும். தூளை வச்சுச் சுருட்டி, வாயை மடக்கி, நூல் கட்டி, கட்டு போட்டுக் கடையில குடுக்கணும். அங்க எடை, எண்ணிக்கை, பாஸ் புத்தகத்துல வரவு. ஆயிரம் பீடிக்கு இம்புட்டுன்னு கூலி. நான் படிச்ச படிப்புல முதல் பட்டதாரி சலுகை ஒரு பங்கு, பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்திய சர்க்கார் குடுக்கிற ஸ்காலர்ஷிப் ஒரு பங்கு, மிச்சம் அந்தச் சொளவு. அப்பா திருப்பூர்ல இருந்து அனுப்புறது வட்டிக்குப் போயிரும்.

எதிர்ல உக்காந்து அவ கையையே பாத்துக்கிட்டு இருந்தேன். இருபத்தெட்டு வருஷத்துல முதல் தடவையாப் பாத்தேன்னு வச்சுக்கோங்களேன். அதுவும் இப்ப ஒரு மாசமா நான் கையைத் தவிர வேற எதையும் பாக்காத ஆளு. இடது கை இலையைப் பிடிக்குது, வலது கை உருட்டுது. எல்லாம் அமுக்குற வேலை, மடக்குற வேலை. ஒரு பீடி முடிஞ்சு அடுத்த இலையை எடுக்கிறப்ப மட்டும் வலது கட்டைவிரல் விரியல. கையை முழுசா ஒரு பக்கமாச் சாய்ச்சு, இலைக்கு மேல விரலைக் கொண்டுபோய் விட்டு எடுக்குறா. செஞ்சு செஞ்சு அது ஒரு ஸ்டைல் மாதிரியே ஆகியிருந்துச்சு.

"அம்மா, கையைக் காட்டு."

"என்னல?"

"அந்தச் சொளவு மேல கவுத்தி வையி. கட்டைவிரலைத் தூக்கு."

கொஞ்ச நேரம் என்னையே பாத்தா. அப்புறம் வச்சா. பீடித்தூள் ஒட்டுன விரல். தூக்கப் பாத்தா. நாலு விரலும் லேசா ஆடுச்சு. கட்டைவிரல் கெடந்த எடத்துலயே கெடந்துச்சு.

"எத்தன வருசமா?"

"நீ எட்டாப்பு படிக்கையில."

எட்டாப்புன்னா 2009. அந்த வருஷம் அம்மா படித்துறையில துணி துவைக்கப் போய் வழுக்கி விழுந்தது எனக்கு மங்கலா ஞாபகம் இருக்கு. பக்கத்து ஊர்ல எலும்புக்குக் கட்டுறவர்கிட்டப் போய், மூங்கில் பத்தை வச்சு, உளுந்தமாவும் முட்டை வெள்ளைக்கருவும் போட்டுக் கட்டிட்டு வந்தா. கை ஒட்டிருச்சு. நல்லாவே ஒட்டிருச்சு. கட்டு பிரிச்சுக் கொஞ்ச நாள்ல கட்டைவிரல் விழுந்துருக்கு. கட்டுனவரைத் திட்டலாம்னு எனக்கு முதல்ல கோவம் வந்தது நிஜம். ஆனா எக்ஸ்ரே எடுத்து, மாவுக்கட்டுப் போட்ட எனக்கும் அதேதான நடந்துச்சு. வித்தியாசம் அதுக்குப் பிறகுதான். நான் மூணாம் நாள் டாக்டர் முன்னாடி உக்காந்திருந்தேன். அம்மா உக்காரல.

"ஏன் யார்ட்டயும் சொல்லல?"

"வலிக்கல. பீடி சுத்த முடிஞ்சுது. பொறவு எதுக்குச் சொல்ல? ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குப் போனா ஒரு நாள் கூலி போவும். போன அன்னைக்கே பாத்துருவாங்களா? நாலு நாளு நடக்கணும்."

அப்பதான் எனக்கு அந்தக் கத்திரி ஞாபகம் வந்துச்சு.

கத்திரியை மூடுறது அமுக்குற வேலை. திறக்கிறது கட்டைவிரலை விரிக்கிற வேலை. விரியாத விரலை வச்சுக்கிட்டு ஒரு நாளைக்கு எழுநூறு, எண்ணூறு இலை வெட்ட முடியாது. 2009 வரைக்கும் அம்மாதான் இலை வெட்டுவா. அந்த வருஷத்துல ஒரு நாள், "எனக்குக் கண்ணு சரியாத் தெரியல, நீ வெட்டிக் குடுத்துட்டு வெளையாடப் போ"ன்னு கத்திரியை என் கையில குடுத்தா. அன்னையில இருந்து பன்னெண்டாப்பு முடிக்கிற வரைக்கும் இலை வெட்டுறது என் வேலை. பள்ளிக்கூடம் விட்டு வந்து, மத்த பயலுவ எல்லாம் ஆத்துல குதிக்கப் போவானுவ. நான் தகட்டை வச்சு வெட்டிக்கிட்டு இருப்பேன். எவ்வளவு கரைச்சல் குடுத்திருக்கேன்! வேணும்னே கோணலா வெட்டுவேன். பத்தாப்புப் பரிச்சை நேரத்துல ஒரு நாள், "கண்ணு தெரியலன்னா கண்ணாடி போடு, என் உயிரை வாங்காத"ன்னு கத்திரியைத் தூக்கி முத்தத்துல எறிஞ்சேன். அது போய் ஆட்டு உரல்ல பட்டு முனை மடங்கிருச்சு. அம்மா ஒண்ணும் சொல்லல. எடுத்துட்டு வந்து அம்மிக்கல்லுல தட்டி நேராக்கி, திரும்ப எங்கிட்டயே நீட்டுனா.

நான் காலேஜுக்குப் போன பிறகு பக்கத்து வீட்டு மதினி வெட்டித் தாராவ. அதுக்குக் கூலியில ஒரு பங்கு. கொரோனா சமயத்துல இருந்து நான் இதே வீட்டுலதான் உக்காந்து பொட்டி தட்டுறேன். தினமும் மதினி வந்து இலை வெட்டுறதைப் பாக்கேன். ஏன்னு ஒரு நாள் கேட்டது இல்ல. அம்மா இன்னைக்கும் ஊசியில நூலை ஒரே தடவையில கோக்குறவ. கண்ணு தெரியாதவ எப்படிக் கோப்பா? லாஜிக் வச்சுச் சம்பளம் வாங்குறவன் நான்.

2024 மார்ச்ல எனக்கு ஆபரேஷன். மயக்கம் கிடையாது, முழிச்சிருக்கையிலயே. மரத்துப் போற மருந்தோட அட்ரினலினும் கலந்து கையில ஊசி போட்டு அரைமணி நேரம் காத்திருந்தாங்க. அட்ரினலின் ரத்தக்குழாயைச் சுருக்கிரும், அதனால ரத்தம் அதிகம் கசியாது, கையை இறுக்கிக் கட்டுற பட்டை வேண்டாம். விரலுக்கு அட்ரினலின் போட்டா விரலே அழுகிரும்னு டாக்டருங்களுக்கே காலேஜுல பயமுறுத்திச் சொல்லிக்குடுத்த காலம் ஒண்ணு இருந்துச்சாம். கனடாவுல டொனால்ட் லாலோண்டேங்கிற சர்ஜனும் கூட இருந்தவங்களும் விரல்லயும் கையிலயும் அட்ரினலின் போட்ட 3,110 பேரை வரிசையாக் கவனிச்சு, ஒருத்தருக்கும் விரல் போகலன்னு 2005-ல எழுதுனாங்க. அதுக்குப் பிறகுதான் இந்த முறை நல்லாப் பரவுச்சு.

முழிச்சிருக்கிறதுல என்ன லாபம்? கயிறை எவ்வளவு இழுத்துக் கட்டணும்கிறதுதான் இந்த ஆபரேஷன்ல சூட்சுமம். தொய்வாக் கட்டுனா விரல் எந்திரிக்காது. இறுக்கிக் கட்டுனா மடங்காது. ஆளு முழிச்சிருந்தா அங்கனயே ஆட்டச் சொல்லிப் பாத்துரலாம்.

மூணு சின்னக் கீறல். ஆள்காட்டி விரல் முட்டிக்கிட்ட ஒண்ணு, அங்கன அந்தத் தனிக் கயிறை வெட்டுனாங்க. மணிக்கட்டுல ஒண்ணு, அது வழியா வெளிய இழுத்தாங்க. கட்டைவிரல் பக்கம் ஒண்ணு. பழைய கயிறுல சின்ன ஓட்டை போட்டு, புதுக்கயிறை அதுக்குள்ள நுழைச்சு, அடுத்த ஓட்டை எதிர்த்திசையில, திரும்ப நுழைச்சுப் பாய் முடையிற மாதிரி. இங்கிலாந்துல புல்வர்டாஃப்ட்னு ஒரு சர்ஜன், அவரு பேருலதான் இந்த முடைச்சல். எங்க ஊருல இருந்து ஆத்தைத் தாண்டுனா பத்தமடை. கோரையை முடைஞ்சு பட்டு மாதிரி பாய் ஆக்குறவங்க ஊரு. அவங்கள்ல யாராச்சும் திரையை விலக்கி எட்டிப் பாத்திருந்தா, 'இன்னும் ஒரு சுத்து போடுங்கம்மா'ன்னு சொல்லியிருப்பாங்க.

"இப்பக் கட்டைவிரலைத் தூக்குங்க."

தூக்குனேன். ஒண்ணும் நடக்கல. வயித்தைக் கலக்கிருச்சு.

"கட்டைவிரலை மறங்க. ஆள்காட்டி விரலை நீட்டுற மாதிரி நெனைங்க."

நெனச்சேன். கட்டைவிரல் எந்திரிச்சுது. என் கையிலதான், ஆனா வேற யாரோ தூக்குன மாதிரி இருந்துச்சு. ஓன்னு கத்திட்டேன்னு நர்ஸ் அக்கா இன்னமும் சொல்லிச் சிரிக்காங்க.

இப்படி ஒரு விரலோட கயிறை இன்னொரு விரலுக்குக் குடுக்கிற வித்தையில நம்ம தமிழ்நாட்டுக்குப் பெரிய பங்கு இருக்குங்கிறது எனக்குப் பிறகுதான் தெரிஞ்சுது. பால் பிராண்ட். 1914-ல பிறந்து கொல்லிமலையில வளர்ந்த வெள்ளைக்காரர். 1946-ல வேலூர் சி.எம்.சி.க்கு வந்தவர், செங்கல்பட்டு தொழுநோய் ஆஸ்பத்திரியில விரல் மடங்கிப்போன கைகளைப் பாத்தார். சதை அழுகி விரல் போச்சுன்னு உலகமே நம்பிக்கிட்டு இருந்த நேரம். நரம்பு செத்ததால கைக்குள்ள சில தசை மட்டும்தான் போயிருக்கு, முழங்கைப் பக்கம் தசை எல்லாம் பெலமா இருக்குன்னு அவருக்குப் பட்டுச்சு. பெலமா இருக்கிற தசையோட கயிறை எடுத்துச் செத்த தசையோட வேலைக்குப் போட்டார். கட்டைவிரல் மத்த விரல்களை எதிர்த்து நிக்க, மோதிர விரலை மடக்குற ரெண்டு கயிறுல ஒண்ணை எடுத்துக் குடுப்பாங்க. ஆபரேஷனுக்குப் பிறகு அந்த ஆளுங்களும் என்னை மாதிரிதான், மோதிர விரலை நெனச்சுக் கட்டைவிரலை ஆட்டப் பழகணும். ஆபரேஷன் பாதி, பழக்குறது பாதி. கை தேறுனவங்க தொழில் கத்துக்க நவஜீவ நிலையம்னு ஒண்ணும் வேலூர்ல தொடங்குனாங்க. யாரும் தொடப் பயந்த கைகள்ல செஞ்சு பாத்துக் கத்துக்கிட்ட வித்தை உலகம் பூரா கை டாக்டர்களுக்குப் பாடமாச்சு. பின்னால சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில பேராசிரியர் ஆர். வெங்கடசாமி கைக்குன்னே தனியா ஒரு துறையை வளர்த்தார். இவ்வளவும் நம்ம மாநிலத்துலயே. எங்க அம்மா வாசல்ல இருந்து அதெல்லாம் ரொம்ப தூரம், அவ்வளவுதான்.

நாலு வாரம் கட்டைவிரலை நிமித்தி வச்சு பிளாஸ்டிக் பட்டை. அப்புறம் தினமும் பயிற்சி. தூக்கு, இறக்கு, சுண்டு விரலைத் தொடு. கிளிப்பை அமுக்கு. மே மாசக் கடைசியில பயிற்சி குடுக்கிற தம்பி, "இனி கத்திரிக்கோல் பிடிச்சுப் பேப்பர் வெட்டிப் பழகுங்க சார்"னான். நான் வீட்டுக்கு வந்து மதினிகிட்ட இருந்து கத்திரியை வாங்கிக்கிட்டேன்.

முதல் நாள் இருபது இலை. ஒவ்வொரு தடவை திறக்கிறதுக்கும் ஆள்காட்டி விரலை நெனைக்கணும். அம்மா ஒரு இலையை எடுத்துத் தகட்டுல வச்சுப் பாத்துட்டு, "எட்டாப்புல வெட்டுனத விடக் கோணலா இருக்கு"ன்னா. ஜூலையில இருநூறு வந்துச்சு. எப்ப நெனைக்காம திறக்க ஆரம்பிச்சேன்னு தெரியல.

கடைசித் தடவை காட்டப் போனப்ப அம்மாவையும் கூட்டிட்டுப் போனேன். டாக்டர் அவ கையைப் பிடிச்சு, திருப்பி, ஆள்காட்டி விரலைத் தனியா நீட்டச் சொல்லிப் பாத்தாங்க. கடன் வாங்க வேண்டிய கயிறு இருக்கு, மூட்டு இறுகல. பதினஞ்சு வருஷம் ஆனாலும் செய்யலாம், வரப்போற தசை இன்னைக்கும் வேலை செய்யிற தசைதானேன்னாங்க.

"எத்தன நாளு பீடி சுத்தக் கூடாது?"

"பட்டை நாலு வாரம். பழையபடி முழுசா வேலைன்னா ரெண்டு மூணு மாசம் ஆகலாம்மா."

அம்மா தலையை ஆட்டுனா. நான் சம்பாதிக்கிறேன், பீடியை விட்டுரேன்னு சொல்லிப் பாத்தாச்சு. பி.எஃப். கணக்கு இருக்கு, பென்ஷன் வரணும், கையை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க முடியுமான்னு வரிசையா பதில் இருக்கு. அதைவிட, "இத்தன வருசம் ஒரு கொறையும் இல்லாமத்தான ஓடுச்சு"ன்னு ஒரு வார்த்தை. அதுக்கு மேல பேச எனக்கு வாய் வரல. கத்திரியை எறிஞ்சவனுக்கு என்ன வாய்?

2024 ஆடி கழியட்டும்னா. கழிஞ்சுது. பிறவு கோயில் கொடைன்னா. அப்புறம் தீபாவளிக்குச் சித்தி வீட்டுக்குப் புதுக் கட்டில் எடுக்கணும்னா.

கார்த்திகையில ஒரு நாள் ராத்திரி. நான் இலை வெட்டிக்கிட்டு இருக்கேன், அவ சுத்திக்கிட்டு இருக்கா. திடீர்னு கேட்டா.

"ஏல, நரம்ப மாத்திக் கட்டுனா கைரேகை மாறிருமா? ரேஷன் கடையில வெரல வச்சா எடுக்காமப் போயிரக் கூடாதுல்லா."

"ரேகை தோல்ல இருக்கும்மா. இது உள்ள. மாறாது."

"உன் வெரல வச்சியா அதுக்குப் பொறவு?"

"வச்சேன். எடுத்துச்சு."

ரெண்டு பீடி சுத்துற நேரம் பேசல.

"சரி, தை பொறக்கட்டும். அந்த டாக்டரம்மாட்ட தேதி கேளு. ரெண்டு மாசத்துக்கு எலையை நீதான் வெட்டணும், சுத்தவும் மதினிகிட்டச் சொல்லணும்."

"சரிம்மா."

"கோணலா வெட்டாத."